வசூல் வேண்டாம் தம்பி, பேப்பரைப் படித்துக் கொடுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து துபாய் வந்து நாலு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊரில் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தவர். இங்கே அல்கூஸில் கம்பெனி கேம்பில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கியிருக்கிறார், சம்பளம் 1,400 திர்ஹாம். ஏஜென்டுக்குக் கட்டிய கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. லீவு நாளில் பூசைக்குப் போகிறார். இரவில் அறையில் நாலைந்து பேர் சேர்ந்து சத்தமாகச் செபமாலை சொல்கிறார்கள். "வாயால் செபம் சொல்வதோடு நிற்பது உறுத்துகிறது. ஊர்க்காரர்களிடம் மாதம் இருபது திர்ஹாம் வசூலித்து, கேம்பில் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா? கட்டிலில் செபமாலை தொங்கவிட்டால் பிரச்சினை வருமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் வசூல். அது வேண்டவே வேண்டாம். எமிரேட்ஸில் நன்கொடை திரட்டுவதற்கென்றே 2021இல் கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டும்தான் மக்களிடம் பணம் திரட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் "ஆளுக்கு இருபது போடுங்க" என்று எழுதுவதும் வசூல்தான். நல்ல காரியத்துக்குத்தானே என்ற பதில் அங்கே எடுபடாது. இன்னொரு தொல்லையும் உண்டு. 1,400 திர்ஹாம் சம்பளக் கணக்கில் முப்பது பேர் சின்னச் சின்னதாகப் பணம் போட்டால் வங்கிக்குச் சந்தேகம் வரும், கணக்கை முடக்கும், உங்கள் சம்பளமும் சேர்ந்து மாட்டும். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு உங்கள் பையிலிருந்து கொடுப்பது வசூல் ஆகாது. பொதுவாகக் கொடுக்க நினைத்தால் கோவில் உண்டியலில் போடுங்கள், அல்லது உரிமம் உள்ள அமைப்புக்கு நேராகக் கட்டிவிடுங்கள்.

சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு வசனச் சீட்டையும் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. இங்கே பிற மதத்தாரிடம் நம் மதத்தைப் பரப்புவது குற்றம். சட்டத்தை விடுங்கள், சீட்டு வைத்த சோறு வாங்குகிறவருக்கே தொண்டையில் இறங்காது. பைபிளில் யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், துணியும் சோறும் இல்லாதவரிடம் ஒன்றும் கொடுக்காமல் "சமாதானமாய்ப் போ, பசியாறு" என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்கிறார். இன்றைக்கு அதே பதில், கைகூப்பிய பொம்மையோடு "செபத்தில் நினைத்துக்கொள்கிறேன் அண்ணே" என்று வாட்ஸ்அப்பில் போகிறது.

சரி, என்னதான் செய்வது? கேம்பில் சோற்றுக்குப் பெரும்பாலும் பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் பேப்பரைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பதில்தான். பத்தாம் வகுப்பு தாண்டியவர், போனில் ஒரு ஆப்பைத் திறக்கத் தெரிந்தவர் என்றால் உங்கள் ஒரு மணி நேரம் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு மாதச் சம்பளம் பெறும்.

வேலை ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் உண்டு, நிறையப் பேருக்கு அது தெரியாது. அதில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். கையில் 1,400 வரும், பேப்பரில் அடிப்படை 800 என்று இருக்கும், மீதி அலவன்ஸ். வேலை முடிந்து போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) அந்த 800க்குத்தான். ஒரு வருடம் முடித்தவருக்கு முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். ஆறு வருடம் இருந்தவருக்கு 105 நாளும் 30 நாளும் சேர்த்து 135 நாள். 800ஐ 30ஆல் வகுத்து 135ஆல் பெருக்கினால் 3,600 திர்ஹாம். அவர் 1,400க்குக் கணக்குப் போட்டு 6,300 வரும் என்று மனைவியிடம் சொல்லி, ஊரில் வல்லத்துக்கு (மீன்பிடிப் படகுக்கு) முன்பணமும் பேசியிருப்பார். இந்தக் கணக்கை இன்றைக்கே ஒரு தாளில் போட்டுக் காட்டுவது, அன்றைக்கு அவர் கண்ணீரைத் துடைப்பதைவிடப் பெரிய உதவி. முடிவுத் தொகையை வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரபியில் ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு" என்றால், "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கிறதா என்று போன் மொழிபெயர்ப்பில் காட்டிப் பார்த்த பிறகுதான் பேனா எடுக்க வேண்டும்.

சம்பளம் நின்றுபோனால் ஆட்கள் செய்யும் முதல் தவறு, கோபத்தில் வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் போகாவிட்டால் கம்பெனி அப்ஸ்காண்ட், அதாவது ஓடிப்போனவர், என்று எழுதிவிடும். சம்பளம் கேட்க வந்தவர் அதன் பிறகு குற்றவாளி மாதிரி அலைய வேண்டும். இரண்டாவது தவறு, எல்லோரும் கூடி வேலையை நிறுத்துவது. அது இங்கே சட்டப்படி செல்லாது, முன்னால் நின்றவரை ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தனியாகப் புகார் கொடுப்பதுதான் வழி: அமைச்சகத்தின் ஆப், அல்லது 80084 என்ற எண். அதற்கு முன் ஆறு மாத வங்கிக் கணக்கு, ஒப்பந்த நகல், எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் நகல் நான்கையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட தகராறில் 2024 முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம், எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பூட்டி வைப்பதும் சட்டத்துக்குப் புறம்புதான். இந்திய அரசின் உதவி மையம், பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, 800 46342. கட்டணம் இல்லாத எண். பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழுத்திக் கொடுத்தாலே போதும். பல பேர் பேசப் பயந்துதான் இழக்கிறார்கள்.

அடுத்தது சாவு. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் திருச்சபை சொல்லும் இரக்கச் செயல்களில் இறந்தவரை அடக்கம் செய்வதும் ஒன்று. பைபிளில் தோபித்து ஆகமத்தைத் திருப்பிப் பாருங்கள். நினிவேக்கு நாடு கடத்தப்பட்ட மனிதர், அந்நிய ஊரில் கேட்பாரற்றுக் கிடந்த தம் மக்களின் உடல்களை எடுத்துப் புதைத்தார். வளைகுடாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆகமம் இல்லை.

கேம்பில் ஒருவர் இறந்தால் முதல் வேலை பேப்பர் அல்ல. புகைப்படமும் செய்தியும் வாட்ஸ்அப்பில் பறக்காமல் தடுப்பதுதான் முதல் வேலை. பாம்பனில் கருவாடு காய வைத்துக்கொண்டிருக்கும் மனைவிக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் அது தெரியக் கூடாது. ஊர்ப் பங்குத்தந்தைக்கோ, இந்துவாக இருந்தால் ஊர்ப் பெரியவருக்கோ, முஸ்லிமாக இருந்தால் ஜமாத்துக்கோ போன் போட்டு, நேரில் வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் வரிசையான வேலை. மருத்துவமனை தரும் இறப்பு அறிவிப்பு, இறப்புச் சான்றிதழ், போலீஸ் அனுமதி, இந்தியத் தூதரகத்தில் பதிவும் பாஸ்போர்ட் ரத்தும், விசா ரத்து, உடல் பதப்படுத்துதல், விமானக் கார்கோ. கம்பெனியின் பி.ஆர்.ஓ. (அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) ஒழுங்கானவராக இருந்தால் பெரும்பாலும் அவரே ஓடுவார். உடலை அனுப்பும் செலவும் வேலை கொடுத்தவர் பொறுப்பு. கம்பெனி கைவிட்டால் தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது, எழுதிக் கேட்க வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். விபத்தோ தற்கொலையோ என்றால் போலீஸ் விசாரணை முடியாமல் உடல் நகராது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று நம்ம ஊர்ப் பெயர்ச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் இன்னொன்று. மனைவிக்குப் பணம் வரும் நேரத்தில் இந்த நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக் கணக்கில் அலைவார். உடல் திருச்சி விமான நிலையத்துக்கா மதுரைக்கா என்பதையும் முதல் நாளே வீட்டில் கேட்டுவிடுங்கள், அங்கிருந்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஆம்புலன்ஸ் ஏற்பாடு அதைப் பொறுத்தது.

அப்புறம் காப்பீடு. வெளிநாட்டு வேலைக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி (இ.சி.ஆர்.) பெற்று வந்தவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, அதற்கு மேல் வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் கட்டியிருப்பார், பாலிசித் தாள் ஏஜென்டின் பீரோவிலேயே தூங்கும். உங்கள் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தாளை வாங்கி, படமெடுத்து, மனைவிக்கு அனுப்பினார்களா என்று ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போகும்போது, ஊரில் சபையில் செய்தது போலவே இரண்டு பேராகப் போங்கள். 1833இல் பாரிஸில் சபையைத் தொடங்கியவர்கள் காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. ஒருவர் பேசுவார், மற்றவர் கவனிப்பார், பின்னால் பேச்சு மாறாது. ஆப்பிள் வாங்கிப் போகாதீர்கள். அவர் போனுக்குப் பொருந்தும் சார்ஜரும் ரீசார்ஜும் கொண்டு போங்கள். படுத்திருப்பவருக்கு வீட்டுக்குரல்தான் வேண்டும். ரத்தம் கொடுக்க நினைத்தால் லத்தீஃபா மருத்துவமனை வளாகத்தில் மையம் இருக்கிறது. எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும், இரண்டு தடவைக்கு நடுவே எட்டு வார இடைவெளி வேண்டும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் வெயில் வெயில்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு கலந்து காலையிலேயே பாட்டிலில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு உதவும். உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, தோல் கொதித்தாலோ தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்காமல் 998ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். சமைத்த சோற்றை இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். மறுபடி சூடாக்கினாலும் அதில் ஊறிய நச்சு போகாது.

பணம். 140 திர்ஹாம் தசமபாகம் என்று மனதில் கணக்கு ஓடும். வட்டிக் கடன் நிற்கும்வரை அதை நான் சொல்லமாட்டேன். மாதம் ஐம்பது போதும், மீதி கடனுக்குப் போகட்டும். அந்த ஐம்பதையும் சேர்த்து வைத்து மே கடைசியில் அனுப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பள்ளிக்கூடம் திறப்பதும் அதே சமயம். கையில் காசில்லாத வாரத்தில்தான் ஃபீஸ் கேட்பார்கள், வட்டிக்காரரும் அப்போதுதான் வாசலுக்கு வருவார். கிறிஸ்துமஸ் கேக்கைவிட ஜூனில் ஒரு பிள்ளையின் ஃபீஸ் பெரியது. அந்தக் குடும்பத்தார் கையில் கொடுக்காமல் பள்ளிக்கூடக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். கோவில் கோபுரத்துக்கும் திருவிழா லைட்டுக்கும் கேட்டு போன் வரும், அது உங்கள் இஷ்டம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் வரும். வங்கியில்லாமல் பணம் கடத்தும் உண்டியல் (ஹவாலா) ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

உதவி என்று கேட்டாலும் செய்யக் கூடாதவை இரண்டு. உங்கள் ஐடியில் சிம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது ஒன்று, உங்கள் ஏடிஎம் கார்டை "ரெண்டு நாளைக்கு" இரவல் தருவது இன்னொன்று. அந்த சிம்மில் ஒரு மோசடி நடந்தால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

நம்ம ஆள், மற்ற ஆள் என்று பிரிக்காதீர்கள். தேரா பக்கம் கீழக்கரை பாய்மார் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். நோன்பு மாதத்தில் மாலை ஷிஃப்டை மாற்றிக்கொடுங்கள், அடுப்பை அவர்களுக்கு முதலில் விடுங்கள், அவ்வளவுதான். பேச்சு மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். ஓரியூரில் 1693இல் உயிர் கொடுத்த குரு அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பனிலிருந்து வந்து நம்ம பாஷையைப் பேசி, காவி கட்டி, கறி மீன் விட்டுத்தான் நம்ம மக்களிடம் நெருங்கினார். ஐம்பது இந்தி வார்த்தை இருந்தால் பீகார்க்காரரின் பேப்பரையும் நீங்கள் படித்துச் சொல்லலாம்.

கடைசியாகச் செபமாலை. கட்டிலில் தாராளமாகத் தொங்கவிடுங்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நாலைந்து பேர் கூடிச் சத்தமாகச் சொல்வதை அறையில் நிறுத்திவிடுங்கள். கூட்டு வழிபாட்டுக்கு இங்கே அனுமதி பெற்ற கோவில் வளாகம்தான் இடம். ஊத் மேத்தாவில் புனித மரியாள் கோவில் இருக்கிறது, ஜெபல் அலியில் புனித பிரான்சிஸ் அசிசி கோவில் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள். அறையில் சொல்வதானால் வாய்க்குள். கீழ்க்கட்டில்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து இப்போதுதான் கண் அயர்ந்திருப்பார்.