பள்ளிக் கொள்ளளவுத் தரநிலையைக் கவுண்டி தளர்த்தலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் புளோரிடா மாநிலத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான் வேலை விசாவில் இருக்கிறேன். என் மகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் இடம் போதாமல் விளையாட்டு மைதானத்தில் போர்ட்டபிள் வகுப்பறைகளை, அதாவது நகர்த்தக்கூடிய தற்காலிக அறைகளை, நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் கவுண்டியின் வளர்ச்சித் திட்டத்தில் பள்ளிகளுக்கான தரநிலை ‘நிரந்தரக் கட்டடக் கொள்ளளவில் 100 சதவீதம்’ என்று இருக்கிறது. அதை ‘போர்ட்டபிள் உட்பட மொத்தக் கொள்ளளவில் 110 சதவீதம்’ என்று புதுப்பிக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அருகில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டமும் வரவிருக்கிறது. கவுண்டி இப்படி மாற்றலாமா? குடியுரிமையோ சொந்த வீடோ இல்லாத நான் எதிர்க்க முடியுமா?

பதில்: கவுண்டிக்கு மாற்றும் அதிகாரம் உண்டு; ஆனால் தன் விருப்பப்படி மட்டும் மாற்றிவிட முடியாது. உங்களுக்கு எதிர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைக் குறிப்பிட்ட ஒரு காலத்துக்குள், குறிப்பிட்ட முறையில் பயன்படுத்தாவிட்டால் பின்னர் எந்த வழக்கறிஞராலும் அதை மீட்டுத் தர முடியாது. ஆகவே நிதானமாகப் படித்தபின் தாமதிக்காமல் செயல்படுங்கள்.

முதலில் இந்தத் தரநிலை என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் அதன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் வரை மாணவர்கள் இருக்கலாம் என்ற வரம்புதான் அது. புதிய வீடுகள் வரும்போது அவற்றுக்கு வேண்டிய பொது வசதிகளும் உடன் வர வேண்டும் என்பது புளோரிடாவின் திட்டமிடல் சட்டத்தில் பல்லாண்டுகளாக இருந்து வரும் கோட்பாடு. கன்கரன்சி என்று அதைச் சொல்கிறார்கள். குடிநீர், கழிவுநீர், வடிகால், திடக்கழிவு ஆகியவற்றுக்கு அது இன்றும் கட்டாயம். பள்ளிகளுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2011-இல் சட்டமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கி, கவுண்டியும் நகராட்சிகளும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. உங்கள் கவுண்டி வைத்துக்கொண்ட கவுண்டிகளில் ஒன்று. இதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் தரநிலையைத் தளர்த்த முடியாமல் போகும் ஒரு கவுண்டி, பள்ளிக் கன்கரன்சியையே முழுவதுமாகக் கைவிடும் திருத்தத்தைக் கொண்டுவரவும் சட்டம் இடம் தருகிறது. எதிர்ப்பை எவ்வளவு தூரம் கொண்டுசெல்வது என்று முடிவு செய்யும்போது இந்த ஆபத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். பெற்றோர்கள் பெரும்பாலும் ‘100’, ‘110’ என்ற சதவீதங்களைப் பார்த்து, பத்து சதவீதம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். எதன் சதவீதம் என்பதுதான் பெரிய மாற்றம். பள்ளியின் கொள்ளளவு, ஃபிஷ் என்று சுருக்கி அழைக்கப்படும் மாநிலப் பள்ளிக் கட்டடப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அறையிலும் எத்தனை மாணவர் இருக்கைகள் என்று கணக்கிட்டு, பயன்பாட்டு விகிதத்தால் பெருக்குகிறார்கள். தொடக்கப் பள்ளிக்கு அது 100 சதவீதம், நடுநிலைப் பள்ளிக்கு 90 சதவீதம். இந்தப் பதிவேட்டில் போர்ட்டபிள் அறைகளின் இருக்கைகளும் இடம்பெறக்கூடும் என்பதால்தான் பல கவுண்டிகள் தங்கள் திட்டத்தில் ‘நிரந்தர’ என்ற சொல்லைக் கவனமாகச் சேர்த்தன. உங்கள் கவுண்டி இப்போது எடுக்கப் பார்ப்பது அந்தச் சொல்லை.

ஓர் உதாரணக் கணக்கு. நிரந்தர இருக்கைகள் 700, பயிலும் மாணவர் 790 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய தரநிலைப்படி அந்தப் பள்ளி ஏறத்தாழ 113 சதவீதத்தில் இருக்கிறது; 90 பேர் அதிகம். மைதானத்தில் உள்ள ஆறு போர்ட்டபிள்களில் 120 இருக்கைகள் இருந்தால், புதிய கணக்கில் கொள்ளளவு 820 ஆகும். அதில் 110 சதவீதம் என்றால் 902 பேர் வரை அனுமதி. ஒரு செங்கல்கூட வைக்காமல், 90 பேர் அதிகம் என்றிருந்த பள்ளியில் இன்னும் 112 பேருக்கு இடம் இருப்பதாகத் தாள் சொல்லும். சிற்றுண்டிச் சாலை, கழிப்பறை, நூலகம், காலையில் கார்கள் நிற்கும் வரிசை ஆகியவை மட்டும் 700 பேருக்குக் கட்டியபடியே இருக்கும். உங்கள் மகளின் பள்ளிக்கான உண்மை எண்களை இதேபோல் ஒரே தாளில் எழுதி, திருத்தத்தை முடிவு செய்யும் கவுண்டி ஆணையர்களிடம் கொடுங்கள். உணர்ச்சி மிகுந்த பத்துப் பேச்சுகளைவிட அந்தத் தாள் கூடுதலாக வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி, சட்டம் கவுண்டியிடம் என்ன எதிர்பார்க்கிறது? புளோரிடா சட்டங்களின் 163-ஆம் அத்தியாயத்தில் 163.3180 என்ற பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தரநிலையைக் கவுண்டி தனியாக நிர்ணயிக்க முடியாது. பள்ளி வாரியத்துடன் சேர்ந்து, தரவுகளையும் ஆய்வையும் அடிப்படையாகக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். ஒரே வகைப் பள்ளிகள் அனைத்துக்கும் பள்ளி மாவட்டம் முழுவதும் ஒரே தரநிலை பொருந்த வேண்டும். வளர்ச்சித் திட்டத்தில் எழுதியதும் கவுண்டி, நகராட்சிகள், பள்ளி வாரியம் ஆகியவை கையெழுத்திட்ட உள்ளாட்சி ஒப்பந்தத்தில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றுக்கொண்ட தரநிலையை நியாயமாக எட்ட முடியும் என்று திட்டமே காட்ட வேண்டும். அதை எட்டவும் காக்கவும் தேவையான கட்டுமானங்களை ஐந்தாண்டு மூலதனப் பணி அட்டவணையில் அடையாளம் காட்டியிருக்க வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதிதான் கவுண்டியின் வாதத்துக்கும் அடிப்படையாக இருக்கும். ‘பள்ளி வாரியத்தின் நிதியில் 100 சதவீதத்தை எட்ட முடியாது, எட்ட முடியாத எண்ணைத் திட்டத்தில் வைத்திருப்பதே சட்டத்துக்கு மாறானது, ஆகவே தாழ்த்துகிறோம்’ என்பார்கள். அது பொய்யான வாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குச் சட்டமே ஒரு நடுவழியைத் தந்திருக்கிறது. போதுமான, விரும்பத்தக்க நிலையை எட்டக் கால அவகாசம் தேவைப்பட்டால், படிப்படியாக இறுகும் தரநிலைகளை வைத்துக்கொள்ளலாம். முதல் சில ஆண்டுகளுக்கு 110, பிறகு 105, அதன்பின் மீண்டும் 100 என்று கால வரம்புடன் எழுதலாம். இந்தப் படிப்படியான ஏற்பாட்டுக்குள் மட்டும், நெரிசல் மிகுந்த பள்ளிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மற்றவற்றுக்குப் பழைய தரநிலையைத் தொடரலாமா என்றும் கேட்கலாம். முற்றாக எதிர்ப்பதைவிட இந்த மாற்றுவரைவை எழுத்தில் கொடுப்பதே என் பரிந்துரை. நிதியில்லை என்பது உண்மையான காரணமாக இருந்தால், கால வரம்புள்ள தளர்வு அவர்களுக்குப் போதும். அதையும் மறுத்தால், நிரந்தரத் தளர்வு எதற்கு என்று அவர்களே பதிவில் விளக்க வேண்டிவரும்.

உங்கள் தகுதி பற்றிய கேள்விக்கு மகிழ்ச்சியான விடை இருக்கிறது. வளர்ச்சித் திட்டத் திருத்தத்தை எதிர்த்து மனுச் செய்யும் ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதைச் சட்டம் வரையறுக்கும்போது, அந்த உள்ளாட்சி எல்லைக்குள் சொத்து வைத்திருப்பவரையும், தொழில் நடத்துபவரையும், வெறுமனே குடியிருப்பவரையும் சமமாகவே சேர்க்கிறது. குடியுரிமையை அது கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பது குறையாகாது. நம்மவர்களில் பலர் ‘விசாவில் இருக்கிறோம், நமக்கெதற்கு’ என்று பின்வரிசையில் அமர்ந்துவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் பிள்ளை அமரும் இருக்கையைப் பற்றிய பேச்சில் உங்களுக்கும் முழு இடம் உண்டு.

ஆனால் வரையறையில் இன்னொரு பாதி இருக்கிறது. திருத்தத்தை மாநில முகமைகளின் பார்வைக்கு அனுப்ப முடிவு செய்யும் முதல் பொது விசாரணையிலிருந்து, அதை ஏற்றுக்கொள்ளும் இரண்டாவது விசாரணை முடியும் வரையிலான காலத்துக்குள், உங்கள் கருத்தையோ ஆட்சேபணையையோ வாய்மொழியாகவோ எழுத்திலோ உள்ளாட்சியிடம் சேர்த்திருக்க வேண்டும். முகநூலில் எழுதியது கணக்கில் வராது. பள்ளி முதல்வரிடம் பேசியதும் வராது. இரண்டு விசாரணைகளிலும் பேசுங்கள்; அத்துடன், பெயரும் குடியிருக்கும் முகவரியும் திருத்தத்தின் எண்ணும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றைக் கவுண்டியின் எழுத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் விசாரணைக்கு ஏழு நாட்களும் இரண்டாவதற்கு ஐந்து நாட்களும் முன்னதாக விளம்பரம் வந்திருந்தால் போதும் என்பதால், கவுண்டியின் அறிவிப்புப் பக்கத்தை வாரந்தோறும் பார்ப்பது நல்லது.

திருத்தம் நிறைவேறிவிட்டால், நிறைவேறிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாநில நிர்வாக விசாரணைப் பிரிவில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே நிரூபிக்கும் சுமை உங்கள் மீதுதான். இத்தகைய திருத்தங்கள் சட்டமியற்றும் தன்மையுடைய முடிவுகள் என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் 1997-இல் மார்ட்டின் கவுண்டிக்கும் யூசெம் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. நியாயமாக இருபுறமும் வாதிடத்தக்க முடிவாக இருந்தாலே கவுண்டியின் முடிவு நிற்கும். எனவே ‘இது நல்ல கொள்கை இல்லை’ என்ற வாதம் அங்கே எடுபடாது. தரவு இல்லை, உள்ளாட்சி ஒப்பந்தம் திருத்தப்படவில்லை, மூலதன அட்டவணையுடன் முரண்படுகிறது என்பவை போன்ற வாதங்களுக்கே வாய்ப்பு உண்டு. மேலும், 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இவ்வகை வழக்கில் வென்ற தரப்பு தன் வழக்கறிஞர் கட்டணத்தையும் செலவையும் தோற்ற தரப்பிடம் கேட்க முடியும். ஒரு குடும்பம் தனியே தாங்கத்தக்க ஆபத்தாக இதை நான் கருதவில்லை. மனுத் தாக்கல் செய்யும் முன், ஆவணங்களை நேரில் படித்துப் பார்த்த உள்ளூர் நிலப்பயன்பாட்டு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள்.

இடையில் இன்னொரு வாதம் உங்கள் முன் வைக்கப்படலாம். 2024-இன் புயல்களுக்குப் பிறகு, 2025-இல் எஸ்.பி. 180 என்ற சட்டம் வந்தது. டெபி, ஹெலீன், மில்டன் புயல்களுக்கான பேரிடர் அறிவிப்பில் இடம்பெற்ற கவுண்டிகள், 2027 அக்டோபர் 1 வரை, வளர்ச்சித் திட்டத்தை முன்பைவிடக் கடுமையாக்கக் கூடாது என்கிறது அது. ‘பார்த்தீர்களா, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்தச் சட்டம் தடுப்பது புதிதாக இறுக்குவதை மட்டுமே என்று பணிவுடன் சுட்டிக்காட்டுங்கள். ஏற்கெனவே உள்ள 100 சதவீதத்தை அப்படியே விட்டுவைப்பது எந்தப் புதிய கட்டுப்பாடும் ஆகாது. ஆனால் ஒருமுறை தளர்த்திவிட்டால், அந்தத் தேதிக்கு முன் மனம் மாறித் திரும்ப இறுக்க முயலும்போது இதே சட்டம் குறுக்கே நிற்கும். படிப்படியான இறுக்கத்தை இப்போதே, இதே திருத்தத்துக்குள் எழுதச் சொல்வதற்கு இது கூடுதலான காரணம்.

அருகில் வரும் குடியிருப்புத் திட்டத்தைப் பற்றி. அது ஏற்கெனவே பள்ளிக் கொள்ளளவுச் சான்று பெற்றிருந்தால், இந்தத் திருத்தத்தால் அதற்குப் பெரிதாக எதுவும் மாறாது. பெறவில்லை என்றால்தான் தரநிலை முக்கியமாகிறது. தரநிலையை மீறிய பள்ளி இருப்பதால் அந்தத் திட்டம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விகிதாசாரப் பங்கைச் செலுத்த உறுதியளித்துக் கட்டுநர் மேலே செல்லச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நிலம் தருவது, கட்டடம் கட்டித் தருவது அல்லது விரிவாக்குவது, அதற்கான பணம் செலுத்துவது ஆகியவை அந்தப் பங்கில் அடங்கும். ஆனால் தரநிலை மீறப்பட்டதாகக் கணக்கு காட்டினால்தான் அந்தப் பேச்சு தொடங்கும். 112 பேருக்கு இடம் இருப்பதாகத் தாள் சொல்லிவிட்டால், கட்டுநரிடம் அந்தப் பங்கைக் கேட்கும் அடிப்படையே இல்லாமல் போகிறது. பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய நிலமும் பணமும் போகின்றன. ஆணையர்கள் முன் உங்களுக்கு மூன்று நிமிடங்கள் மட்டுமே தரப்பட்டால், அந்த மூன்று நிமிடங்களையும் இதற்கே செலவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புளோரிடாவின் பொது ஆவணச் சட்டப்படி எவரும், காரணம் கூறாமலே, அரசு ஆவணங்களைக் கேட்கலாம். கவுண்டியின் திட்டமிடல் துறையிடம் இந்தத் திருத்தத்துக்கான தரவும் ஆய்வும், பள்ளி வாரியத்திடம் நடப்பு ஐந்தாண்டுப் பணித் திட்டம், உங்கள் பள்ளியின் ஃபிஷ் அறிக்கை, நிரந்தர இருக்கைகளும் போர்ட்டபிள் இருக்கைகளும் தனித்தனியாக, வரும் ஆண்டுகளுக்கான மாணவர் எண்ணிக்கை மதிப்பீடு, உள்ளாட்சி ஒப்பந்தத்தின் அண்மைய வடிவம் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். வாரியம் இந்த மாற்றத்துக்கு முறைப்படி இசைந்து தீர்மானம் இயற்றியிருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். இயற்றவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை இரண்டாவது விசாரணைக்கு முன்பே கவுண்டியின் பதிவில் சேர்த்துவிடுங்கள்.