சாலை ஓரம் யாருக்கு?

கேள்வி: அண்ணா சாலை வழியாகச் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே, நடைபாதைக்கும் எனக்கும் இடையே புகுந்து செல்கின்றன. ‘ஓரமாகப் போ’ என்று அதட்டுகிறார்கள். சாலையில் எனக்கு உரிமை இல்லையா?
- வாசகர், சென்னை-15

பதில்: நிச்சயமாக உண்டு. சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பதால் சாலையில் அதற்கு இடமில்லை என்று பொருளாகாது. முந்துகிறவர் வலப்பக்கமாகவே முந்த வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளின் பொது நியதி. ஆகவே, உங்கள் இடப்பக்கம் நுழைகிறவரே விதியை மீறுகிறார்.

அதட்டலுக்கு அஞ்சி ஓரத்தை ஒட்டிச் செல்லாதீர்கள். மணல், மழைநீர் வடிகால் மூடி, திடீரெனத் திறக்கும் கார்க் கதவு எல்லாம் அங்கேதான் இருப்பதால், கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடிக்க நேரிடும். பின்னால் வருபவருக்கு அதைக் கணிக்க வழியில்லை. ஒரு கை நீளம் விட்டு, நேர்கோட்டில் ஓட்டுங்கள்; நிற்கும் பேருந்தைக் கடக்குமுன் திரும்பிப் பார்த்துக் கை காட்டுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்களின் கோபம் முழுக்க நியாயமற்றது என்றும் சொல்ல மாட்டேன். எதிர்த்திசையில் வருவதும், இரவில் விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாமல் வருவதும் நம் சைக்கிள்காரர்களிடம் (நீங்கள் அப்படியல்ல என்று நம்புகிறேன்) சாதாரணம்.

பைக் இடித்துக் காயம்பட்டால், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் அளியுங்கள். பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் இழப்பீடு கோரலாம்.