வாசகர் கேள்வி பதில்: மிக், இல், கொஞ்சம் பசை

கேள்வி: சோவியத் போர் விமான மாடல் கிட் செய்ய ஆசை. 72-ல் ஒன்றா, 48-ல் ஒன்றா, எதில் ஆரம்பிக்கலாம்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: 72-ல் ஒன்று என்றால் மாடல் நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு. எந்த விமானம் என்று முடிவு செய்யுங்கள், அளவு தானாக முடிவாகிவிடும். மிக்-21-க்கு இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7.15 மீட்டர்தான். 72-ல் ஒன்றில் அது பத்து சென்டிமீட்டர்கூட முழுசாக வராது, காக்பிட்டுக்குள் வேலை செய்ய முதல் முறைக்கு ரொம்பவே சிரமம். அதனால் மிக், யாக், லாவோச்கின் மாதிரி சின்ன ஃபைட்டர்களை 48-ல் செய்யுங்கள். டு-95 போல நான்கு எஞ்சின் பாம்பர் என்றால் 72-லேயே இறக்கை எழுபது சென்டிமீட்டரை எட்டும், அலமாரியை அளந்துவிட்டு வாங்குங்கள். மாஸ்கோ பக்கத்தில் லோப்னியாவில் இருக்கும் ஸ்வெஸ்தா கம்பெனி பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் சின்ன கிட்களும் போடுகிறது, கை பழக அவை நல்லவை. மிக்-21 என்றால் செக் நாட்டு எடுவார்ட் கம்பெனியின் 48-ல் ஒன்று கிட்டைத் தயங்காமல் எடுக்கலாம்.

கேள்வி: சோவியத்தின் இல்-2 தாக்குதல் விமான கிட் வைத்திருக்கிறேன். பெட்டிப் படத்தில் ஒரு பச்சை, மற்ற படங்களில் வேறு பச்சை, சிலதில் பழுப்பும் இருக்கிறது. எது சரி? காக்பிட்டுக்கு அந்த ரஷ்ய நீலப்பச்சை வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: நீலப்பச்சையை வாங்க வேண்டாம். அது மிக்-21, மிக்-23 காலத்து ஜெட்களுக்கு உரியது. இரண்டாம் உலகப்போர் விமானங்களின் உள்பக்கத்துக்குச் சாம்பல்தான் பாதுகாப்பான தேர்வு.

வெளிநிறத்துக்கு, நீங்கள் செய்வது எந்த வருடத்து இல்-2 என்று முதலில் சொல்ல வேண்டும். 36,000-க்கும் மேல் தயாரான விமானம் அது, பொதுவாக 'இல்-2 நிறம்' என்று ஒன்று கிடையாது. 1941, 42 என்றால் மேலே ஏ.எம்.டி.-4 (ஏ.எம்.டி. என்பது சோவியத் விமானப் பெயின்ட் குறியீடு) பச்சையும் ஏ.எம்.டி.-6 கறுப்பும், அடியில் ஏ.எம்.டி.-7 இளநீலமும். 1943-ல் முறை மாறியது. ஃபைட்டர்கள் இரண்டு விதச் சாம்பலுக்குப் போயின, இல்-2 மாதிரி தாக்குதல் விமானங்களுக்குப் பச்சை, பழுப்பு, கருஞ்சாம்பல் என்று மூன்று நிறம் வந்தது. நீங்கள் பார்த்த பழுப்பு அதுதான். சோவியத் சின்னமான சிவப்பு நட்சத்திரத்தையும் கவனியுங்கள், வெள்ளை விளிம்பு வைத்தது 1943-க்குப் பிறகுதான் பரவலானது, அதை 1941 நிறத்தின் மேல் ஒட்டினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். பச்சையின் சாயலுக்காக மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இல்-2-ல் முன்பக்கம் எஃகுக் கவசம், பெரும்பாலானவற்றில் பின்னுடல் மரம், இரண்டுக்கும் பூசிய பெயின்ட் வகையே வேறு. ஒரே விமானத்தில் முன்பாதியும் பின்பாதியும் கொஞ்சம் வேறாகத் தெரிந்தால் தப்பே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது குளிர்கால இல்-2. பனிக்காலத்தில் கழுவினால் போகிற வெள்ளையைப் பச்சையின் மேலேயே பூசுவார்கள், காற்றும் வேலையாட்களின் பூட்ஸும் அதைத் தேய்த்து, இறக்கை வேரிலும் எஞ்சின் மூடியான கவுலிங் ஓரத்திலும் அடிப்பச்சை எட்டிப் பார்க்கும். அதை மாடலில் கொண்டுவர, முதலில் பச்சை, கறுப்பு பூசி மேலே வார்னிஷ் போட்டு நன்றாகக் காயவிடுங்கள், அதன்மேல் தலைக்கு அடிக்கிற ஹேர்ஸ்பிரேயை லேசாக அடியுங்கள், அது காய்ந்ததும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அக்ரிலிக் வெள்ளையை மெல்லிசாக, திட்டுத் திட்டாகப் பூசுங்கள். அரை மணி கழித்து ஈரமான பிரஷ்ஷால் விமானி ஏறுகிற இடத்தில் தேய்த்தால் வெள்ளை செதில் செதிலாகக் கிளம்பிவரும். காற்று போகிற திசையில், முன்னிருந்து பின்னாக மட்டும் தேய்க்க வேண்டும்.

கேள்வி: 1971 போரில் பறந்த நம் மிக்-21 வேண்டும். எந்த கிட், என்ன மாற்ற வேண்டும்? (ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர், தாம்பரம்)

பதில்: ஐயா, அது மிக்-21-ன் எஃப்.எல். வகை (பி.எஃப்., பி.எஃப்.எம். என்பவை மற்ற வகைகள்), நாசிக்கில் நம் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். கட்டியது. கண்ணாடி மூடி பி.எஃப். போல முன்பக்கம் கீல் வைத்த ஒற்றைத் துண்டு, வால் துடுப்பு மட்டும் பி.எஃப்.எம். போல அகலம், அடியில் பாராசூட் கூடு. வலப்பக்கமாகத் திறக்கிற பி.எஃப்.எம். மூடியை அப்படியே வைத்தால் எஃப்.எல். ஆகாது. இந்த வகைக்கு உள்ளே பீரங்கி கிடையாது என்பதால் வயிற்றடியில் ஜி.பி.-9 பீரங்கிக் கூட்டைத் தொங்கவிட்டார்கள், அதை மறக்காமல் வையுங்கள்.

வெள்ளி நிறத்துக்கு அடியில் பளபளக்கும் கறுப்பு போட்டு, கீறல் தெரியாதவரை மெருகேற்றிவிட்டு, அப்புறம் உலோக லாக்கரை மெல்லிசாக அடியுங்கள். மூக்குக் கூம்புக்கும் வால் துடுப்பு நுனிக்கும் வெள்ளி கூடாது, ரேடார், ரேடியோ அலை ஊடுருவ வேண்டிய இடங்கள் அவை, பச்சைதான். அந்தக் கூம்பை ஒட்டும் முன் உள்ளே தூண்டில் ஈயக்குண்டு நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். 1963-ல் வந்து 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்ற விமானம், அதற்கு இந்த உழைப்பு தகும்.

கேள்வி: அப்பா 80-களில் மாஸ்கோவில் படித்தபோது வாங்கிய கிட் ஒன்று பாலிதீன் பையில் இருக்கிறது. 'ஃபைட்டர்' என்று மட்டும் போட்டிருக்கிறது, பார்த்தால் ஸ்பிட்ஃபயர் மாதிரி. சோவியத்தில் எப்படி பிரிட்டிஷ் விமானம்? (வாசகி, மதுரை)

பதில்: அது அநேகமாக ஸ்பிட்ஃபயரேதான்! பிரிட்டனின் ஃப்ராக் என்ற மாடல் கிட் கம்பெனி 70-களில் மூடப்பட்டபோது, பாகங்களை வார்க்கும் அதன் அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போயின. ஜெர்மன், ஜப்பான் விமான அச்சுகள் மட்டும் போகவில்லை, அவற்றை ரெவெல் என்ற மாடல் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏற்றுமதிக்கு 'நோவோ' என்று பெயர் போட்டு விற்றார்கள், தோனெத்ஸ்க் பொம்மைத் தொழிற்சாலையிலும் இந்த கிட்கள் தயாராயின. உள்ளூர்க் கடைக்குப் போனவற்றில் பலவற்றுக்கு விமானத்தின் பெயரே இருக்காது.

தாராளமாகச் செய்யுங்கள். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கண்ணாடி மூடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள், சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவியிலேயே கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். டிகால் என்ற ஒட்டுப்படத் தாள் மஞ்சளாகியிருந்தால் வெயில் படுகிற ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். தொடங்கும் முன் அந்தப் பையையும் தாளையும் அப்பாவிடம் கொடுத்து, எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.