எதிரியின் தூதரகத்துக்கு எதற்குக் காவல்? – கடிதம்

வணக்கம் சார்,

பகை நாடுகள் இரண்டும் ஒன்றையொன்று தினமும் திட்டிக்கொள்கின்றன. ஆனால் எதிரியின் தூதரக வாசலில் உள்ளூர் போலீஸே நின்று, கொதிப்போடு வரும் சொந்த மக்களைத் தடுக்கிறது. உள்ளே உளவு வேலை நடப்பது எல்லோருக்கும் தெரியும். இழுத்துப் பூட்டிவிட்டால் என்ன? இந்தக் காவல் பலவீனம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாக இழுத்துப் பூட்டலாம். ஒரு தூதரை ‘விரும்பத்தகாத நபர்’ என்று அறிவித்து வெளியேற்ற எந்த அரசுக்கும் உரிமை உண்டு. தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம். உறவையே முறித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் கதவை உடைத்து உள்ளே போகக் கூடாது, பிறர் உடைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. தூதரகத்தில் தீப்பிடித்தால்கூடத் தூதரின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு அந்த விதி கறாரானது.

நீங்கள் கேட்கும் கேள்வி சர்வதேச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்கா தொடுத்த வழக்கில் ஈரான் ஆஜராகவில்லை. அமெரிக்கா பல ஆண்டுகளாக ஈரானில் தலையிட்டதைப் பார்க்காமல் இதை மட்டும் விசாரிக்க முடியாது என்று கடிதம் மட்டும் அனுப்பியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, அமெரிக்கா பின்னால் நின்று நடத்திய 1953 ஆட்சிக் கவிழ்ப்பை எந்த ஈரானியரால் மறக்க முடியும்? நீதிமன்றமோ, அதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அதற்கான மருந்து தூதரகச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அவர்களை வெளியேற்றியிருக்கலாமே என்றது. உளவு பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. உள்ளே புகுந்தவர்கள் அரசு ஆட்கள் அல்ல என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருந்தும் முதல் நாளிலிருந்தே ஈரான் குற்றவாளிதான் என்றது. ஏனென்றால் அதே ஆண்டு பிப்ரவரியில் அதே தூதரகம் தாக்கப்பட்டபோது அதிகாரிகள் தலையிட்டு மீட்டுக் கொடுத்திருந்தார்கள். நவம்பரில் தூதரகத்தின் பொறுப்பாளரே ஈரான் வெளியுறவு அமைச்சகத்தில் இருந்துகொண்டு உதவி கேட்டார். யாரும் அசையவில்லை. அப்புறம் தலைமையே அந்தக் கைப்பற்றலை ஆமோதித்ததும் அது முழுக்க அரசின் செயலாகிவிட்டது. வாசலில் போலீஸை நிறுத்த முடிகிற அரசு நிறுத்தாமல் விட்டால், அதை மக்களின் கோபம் என்று என்னால் நம்ப முடியாது. கூட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் பலவீனம்.

சரி, உள்ளே இருப்பவர்களே கொலை செய்தால்? 1984 ஏப்ரல் 17 அன்று லண்டனில், லிபியாவை ஆண்ட கடாஃபியின் எதிர்ப்பாளர்கள் ஆர்ப்பாட்டம் செய்தபோது, லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுட்டார்கள். காவலுக்கு நின்ற இவோன் பிளெச்சர் என்ற 25 வயதுப் பெண் போலீஸ் இறந்துபோனார். சக போலீஸ்காரர்கள் அந்தக் கட்டிடத்தை 11 நாள் சுற்றி வளைத்து நின்றார்கள், உள்ளே நுழையவில்லை. பிரிட்டன் உறவை முறித்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். கொன்றவனும் அவர்களோடு போயிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் லிபியத் தலைநகர் திரிபோலியில் பிரிட்டிஷ் தூதரகமும் அப்போது முற்றுகையில் இருந்தது. லண்டனில் கதவை உடைத்திருந்தால் அங்கே இருந்தவர்களின் கதி என்ன? அந்த முடிவு கொடுமையானது, ஆனாலும் சரியானது என்றே நினைக்கிறேன்.

இந்தத் தயக்கம் எல்லோருக்கும் இருப்பதில்லை. 2024 ஏப்ரலில் ஈக்வடார் போலீஸ் தலைநகர் கீட்டோவில் மெக்சிகோ தூதரகத்தின் சுவரேறிக் குதித்து, அங்கே தஞ்சமிருந்த முன்னாள் துணை அதிபரைப் பிடித்துக்கொண்டு போனது. மெக்சிகோ உடனே உறவை முறித்தது. லத்தீன் அமெரிக்காவில் இடதுசாரி, வலதுசாரி என்ற பேதமில்லாமல் அரசுகள் கண்டித்தன. அவர்களுக்கும் பிற நாடுகளில் தூதரகங்கள் இருக்கின்றன.

உறவு முறிந்தாலும், போரே வந்தாலும், கட்டிடத்தையும் ஆவணங்களையும் காக்கும் கடமை தொடர்கிறது. காலியான தூதரகத்தின் பொறுப்பை மூன்றாவது நாட்டிடம் ஒப்படைக்கலாம். 1980இலிருந்து ஈரானில் அமெரிக்காவின் வேலைகளைக் கவனிப்பது சுவிட்சர்லாந்துதான். 1971 போருக்குப் பின் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவிலும் அதுவே நின்றது.

அந்த இரண்டு நாடுகளையே பாருங்கள். 2025இல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு தூதரக ஊழியர்களைத் தலா 30 பேராகக் குறைத்தார்கள். மே மாதம் ஏவுகணைகள் பறந்தன. ஆனாலும் ஜூலை 1 அன்று, 2008 ஒப்பந்தப்படி, தத்தம் சிறைகளில் இருக்கும் எதிர் நாட்டுக் கைதிகள், மீனவர்களின் பட்டியலைத் தூதரகங்கள் வழியாகப் பரிமாறிக்கொண்டார்கள். எல்லை தெரியாமல் படகு ஓட்டிப் பிடிபட்ட ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குத் தெரிவது அந்தப் பட்டியலில்தான். நீங்கள் இழுத்துப் பூட்டச் சொல்லும் கதவு வழியாகத்தான் அது வருகிறது.