அந்த ஏழு மாத்திரை யாருக்கு?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. வீட்டுக்காரர் பிக்கப்பில் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறார். இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேண்டாம் என்று ஒரு வருடமாக நர்சம்மா தந்த மாலா-என் மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளை மாத்திரை இருபத்தொன்றையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுவிடுவேன். கடைசி ஏழு கலர் மாத்திரையை மட்டும் எங்கள் அத்தைக்குக் கொடுத்துவிடுவேன். அவருக்கு ரத்தம் குறைவு, தலை சுற்றும். அப்புறம் விலக்காகித் தலைக்குக் குளித்ததும் அடுத்த அட்டையை ஆரம்பிப்பேன். அப்படியும் இந்த வருடம் இரண்டு முறை நாள் தள்ளிப்போய்விட்டது. போன மாதம் அட்டை முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை தூக்கமே இல்லை. கொழுந்து மூட்டையோடு மேடேறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. இலவச மாத்திரைக்கு வீரியம் குறைவா? குன்னூர் மெடிக்கலில் விலை கூடின மாத்திரை வாங்கட்டுமா? மாத்திரையெல்லாம் கர்ப்பப்பையில் சேர்ந்து கட்டியாகிவிடும் என்று பக்கத்து லைனில் சொல்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் 'அதெல்லாம் உன் விஷயம்' என்கிறார்.
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தங்கச்சி, இலவச மாத்திரைக்கு வீரியம் குறைவா என்று கேட்டு எனக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. பதில் சின்னதுதான். அரசு இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் குறைந்த விலைக்கு விற்கும் மாலா-டி, இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம். விலை கூடின அட்டைகள் சிலவற்றிலும் இதேதான் இருக்கிறது. இதற்காகக் குன்னூருக்குப் பஸ் ஏறாதே.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. 'ஏழு கலர் மாத்திரையை மட்டும் அத்தைக்குக் கொடுத்துவிடுவேன்.' போகிற போக்கில் எழுதிவிட்டாய். உன் பயம் முழுக்க அங்கேயிருந்துதான் புறப்படுகிறது.

அந்த ஏழும் இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. அது உனக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மிச்சம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டாய். ஆனால் அட்டையில் 28 வைத்ததே உன் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றுதான். தினமும் ஒன்று, கடைசி மாத்திரை முடிந்த மறுநாளே புது அட்டை. நாள் எண்ண வேண்டியதில்லை, காலண்டரில் வட்டம் போட வேண்டியதில்லை. நீ அந்த ஏழையும் கொடுத்தபோது உன் கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். கணக்கு இல்லாததால் தலைக்குக் குளிக்கிற நாளைக் கணக்காக வைத்துக்கொண்டாய்.

அதை இப்போது எண்ணிப் பார்ப்போம். கடைசி வெள்ளை மாத்திரை சாப்பிட்டு இரண்டு மூன்று நாளில் விலக்காகும். நான்கைந்து நாள் போகும். வெள்ளிக்கிழமை குளிக்கலாம் என்று ஒரு நாள், தண்ணீர் வரவில்லை என்று ஒரு நாள். ஒன்பது பத்து நாள் ஆகிவிட்டதா? போன மாதம் அட்டை முடிந்து பன்னிரண்டாம் நாள்தான் வந்தது என்கிறாய். வரட்டும் என்று காத்திருந்து, வந்து, நின்று, குளித்து, அப்புறம் அட்டையைப் பிரித்திருக்கிறாய். இரண்டு வாரத்துக்கு மேல் உன் உடம்பில் மருந்தே இல்லை. 'ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன்' என்று நீ எழுதியது பொய்யில்லை. ஆனால் நாள் விட்டிருக்கிறாய், அது உன் கண்ணில் படவில்லை.

இந்த மாத்திரை வேலை செய்கிற விதம் இதுதான். சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வராமல் பிடித்து வைக்கிறது. வெள்ளை மாத்திரை நின்ற நாளிலிருந்து சினைப்பை மெதுவாக விழிக்கத் தொடங்கும். ஏழு நாளுக்குள் மறுபடி மருந்து போனால் அடங்கிவிடும், அந்த ஏழு நாளும் பாதுகாப்புதான். ஏழைத் தாண்டினால் முட்டை வெளிவர வழி திறக்கிறது. அப்புறம் அதை மறுபடி அடக்க ஏழு வெள்ளை மாத்திரை தொடர்ந்து உள்ளே போக வேண்டும். பெண்கள் பலரும் அட்டையின் நடுவில் ஒன்று மறந்துவிட்டதை நினைத்துப் பதறுகிறார்கள். புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் அதைவிட ஆபத்து என்று யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்வதில்லை.

ஆகவே புது அட்டையின் நாள் வந்துவிட்டால் ஆரம்பித்துவிட வேண்டும். விலக்கு இன்னும் நிற்கவில்லையா, ஆரம்பி. வரவேயில்லையா, அப்போதும் ஆரம்பி. தலைக்குக் குளிக்கவில்லையா? மாத்திரைக்கும் குளியலுக்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மாதம் கொஞ்சமாகப் படும், எப்போதாவது படாமலேயே போகும். எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலோ, நாள் விட்டிருந்தாலோ சிறுநீர்ச் சோதனை செய்து பார்க்க வேண்டும். நீ நாள் விட்டிருக்கிறாய். பன்னிரண்டு நாள் கழித்து வந்ததே என்று சும்மா இருக்காதே, ஒருமுறை சோதித்துவிடு. இடையில் சாப்பிட்ட மாத்திரை கருவைக் கெடுத்துவிடுமோ என்று கலங்காதே, கெடுக்காது.

100 பெண்கள் ஒரு வருடம் இந்த மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் ஒருவர்கூடக் கர்ப்பமாவது அரிது. வீடுகளில் சாப்பிடுகிற விதத்தில் சாப்பிட்டால் 7 பேர் வரை ஆகிறார்கள். அந்த ஏழு பேரும் உன்னைப் போலவே மாத்திரையின் மீதுதான் சந்தேகப்படுவார்கள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் உன்னைத் திட்டத்தான் போகிறேன்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை இல்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் நீ செய்வது கவனிப்பு ஆகாது. மாதத்துக்கு ஏழு மாத்திரை யாருடைய ரத்தத்தையும் ஏற்றாது. ரத்தசோகைக்குத் தினமும், மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். அதைவிட முக்கியம், அத்தைக்கு ஏன் ரத்தம் குறைகிறது என்று யாராவது பார்த்தீர்களா? அவர் வயதை நீ எழுதவில்லை. மாதவிலக்கு நின்றுபோன பெண் என்றால், ரத்தம் எங்கேயோ கசிந்துகொண்டிருக்கலாம். மூலமாக இருக்கலாம், குடல் புண்ணாக இருக்கலாம், இன்னும் பெரியதாகவும் இருக்கலாம். விலக்கு நின்ற பிறகு மறுபடி பட்டால், வெட்கப்பட்டு மருமகளிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிற அத்தைகள் உண்டு. நீ தரும் ஏழு மாத்திரையால் 'மருந்து சாப்பிடுகிறார்' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த நிம்மதி அவர் உயிருக்கே ஆபத்து.

அதே கடிதத்தில் உன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். மேடேறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. அத்தைக்குத் தலைசுற்றல் வந்தால் அது ரத்தக்குறைவு, உனக்கு வந்தால் தூக்கமில்லாதது! இரண்டு பிள்ளை பெற்று, மழையிலும் பனியிலும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற உடம்பு. உன் ரத்தத்துக்கென்று வைத்த ஏழையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, விலை கூடின மாத்திரை வாங்கட்டுமா என்று கேட்கிறாய். நானும் மலையில் லைன் வீட்டில் பிறந்தவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டவர் என் அம்மா. அவர் நகமெல்லாம் வெளுத்திருந்ததை நல்ல நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் இந்தக் கொடுக்கும் குணத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. உன் பிள்ளைகளுக்கு நடமாடுகிற அம்மா வேண்டும்.

இருவருக்கும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை தந்தால் தேநீரோடு சாப்பிடாதீர்கள். நம் ஊரில் சோறு உண்டதும் டீ, வேலைக்கு நடுவில் டீ. தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது.

அப்படியே ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல். ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாய், அழுத்தம் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த மாத்திரை உனக்கு ஆகாது. கண் இருட்டுவது மேடேறும்போது மட்டுமா, தலைவலிக்கு முன்னாலுமா? தலைவலி வரும் முன் கண்ணெதிரே மின்னல் கோடு போல ஓடினால் அதை நர்சிடம் கட்டாயம் சொல். அது ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை. அது உள்ளவர்கள் இந்த மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கெட்டவர்கள், 35 வயதுக்கு மேல் புகை பிடிப்பவர்கள், ஆறு மாதத்துக்குள் குழந்தை பெற்றுப் பால் கொடுப்பவர்கள், யாரும் இதை எடுக்கக் கூடாது. உன் அட்டையை யாருக்காவது கடன் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வை. ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோடு திடீரென்று மூச்சுத் திணறினாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

கட்டியாகிவிடும் என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வயிற்றில் கரைந்து, ஈரலில் உடைந்து, வெளியே போய்விடுகிறது. சேர்ந்து தங்குகிற மருந்தாக இருந்தால் அதை ஏன் தினமும் சாப்பிடச் சொல்கிறார்கள்? நிறுத்தினால் ஓரிரு மாதத்திலேயே கர்ப்பமாகிறவர்கள் ஏராளம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரத்தில் சாப்பிடு. பகலில் வேண்டாம், காரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற ஆட்கள் நாம். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிடு, அன்றையதையும் வழக்கமான நேரத்தில் சாப்பிடு, ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால் ஒன்றை உடனே சாப்பிட்டு, மீதியைத் தினமும் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறை சேர்த்துக்கொள்ள வேண்டும். அது மூன்றாவது வாரத்து வெள்ளை மாத்திரையாக இருந்தால், அந்த ஒரு முறை மட்டும் கலர் மாத்திரையை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போ. முதல் வாரத்தில் விட்டு, அதற்குள் சேர்ந்தும் இருந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் நர்சிடம் போய் அவசர கால மாத்திரை கேள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குச் சில மாத்திரைகள் எடுத்தால் இது சரியாக வேலை செய்யாது. அப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. இதை அவருக்குப் படித்துக் காட்டு. 'உன் விஷயம்' என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? அந்த இரண்டு பிள்ளைகளும் உன் விஷயம் மட்டுமா? அத்தை அவரைப் பெற்ற தாய். தாயின் ரத்தம் குறைகிறது, அதற்கு மருமகளின் அட்டையிலிருந்து மாத்திரை போகிறது, மகன் வாரத்தில் எத்தனையோ நாள் மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் வண்டி ஓட்டுகிறார். தாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் முதலில் அவர்தான். ஆணுறை வாங்குவதும் அவர் வேலை. இனி பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் ஒரு நாள் முடிவெடுத்தால், தழும்பில்லாத ஆண் கருத்தடையை அவர் செய்துகொள்ளலாம். சில நிமிட வேலை. மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்துப் பார்க்கும்வரை மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். அதன் பிறகு நீ அட்டையே தொட வேண்டாம்.

இப்போது நீ எந்த நாளில் இருந்தாலும் கையில் இருக்கும் அட்டையைத் தொடர்ந்து சாப்பிடு. ஏழு வெள்ளை மாத்திரை தொடர்ந்து முடியும்வரை ஆணுறை. அப்புறம் கலர் ஏழையும் நீயே சாப்பிட்டு, முடிந்த மறுநாளே புது அட்டை. அத்தையிடம் 'இனிமேல் தர முடியாது அத்தை, உங்களுக்கென்று தனியாக வாங்குவோம்' என்று நேராகவே சொல். கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் கோபம், அவ்வளவுதான். புதன்கிழமை தடுப்பூசி நாள், நர்சம்மா அன்று துணை சுகாதார நிலையத்தில் இருப்பார். அரை நாள் பறிப்பு போனால் போகட்டும். மூன்று பேரும் போங்கள், அவர் வண்டியிலேயே.