‘கிருமி தென்படவில்லை’ என்று வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிடுகிறேன். இந்த முறை வைரல் லோடு பரிசோதனையில் ‘கிருமி தென்படவில்லை’ என்று வந்தது. இனி நிறுத்திவிடலாமா? மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரையும் எடுக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. நான்கு ஆண்டு விடாமல் சாப்பிட்டதால் வந்த ரிப்போர்ட் அது.

ரத்தத்தில் கருவி எண்ணும் அளவுக்குக் கிருமி இல்லை, அவ்வளவுதான். எச்.ஐ.வி., நோயை எதிர்க்கும் வெள்ளணுவான நம் சிடி4 செல்லின் மரபணுவுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும். அப்படிப்பட்ட செல்கள் சில, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் கிருமி தன்னைப் படியெடுப்பதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் அது மரபணுவில் நுழைவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே நுழைந்து உறங்குவதை மூன்றும் தொடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகத் தொடங்கும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இதே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். பதினோரு மாதம் கழித்து வந்தபோது நாக்கெல்லாம் வெள்ளை படிந்து, தண்ணீர் விழுங்கவே சிரமப்பட்டார். சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே, அதாவது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த நிலைக்குப் போயிருந்தது. மறுபடி மாத்திரை தொடங்கித் தேறினார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1987-இல் முதலில் வந்த மருந்து ஏ.இசட்.டி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் அலாரம் வைத்து எழுந்து விழுங்கினார்கள். அது தனியாகப் போராடியதால் கிருமி உருமாறித் தப்பித்துக்கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகே சாவு எண்ணிக்கை சரிந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டாலும் கிருமிக்கு அதே வாய்ப்புதான்.

நீங்கள் கேட்காத ஒன்று: இப்படித் தென்படாத நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக உங்களிடமிருந்து துணைவருக்கு எச்.ஐ.வி. தொற்றாது. ஆயிரக்கணக்கான தம்பதிகளைக் கவனித்து உறுதியான விஷயம் இது.

கால்சியம் பற்றிக் கேட்டது நல்லது. வெறும் வயிற்றில் சேர்த்து எடுத்தால், அது குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் முழுதாகச் சேரவிடாது. இரண்டையும் சாப்பாட்டோடு ஒன்றாக எடுங்கள். வெறும் வயிறென்றால் எச்.ஐ.வி. மாத்திரையைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. அடுத்த முறை போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.