டேங்கில் சுசுகி, உதிரி பாகம் யாரிடம்?

கேள்வி: "காங்கேயம் பக்கமுங்க. அப்பா ஓட்டுன 1998 மாடல் சுசுகி மேக்ஸ் 100 ஆறு வருசமாச் சாளையில நிக்குது. கிக்கர் அசைய மாட்டேங்குது. சுசுகி ஷோரூம்ல 'இது எங்க வண்டி இல்லீங்க'ன்னாங்க. அப்பா இப்ப இல்லை. ஆர்சியும் முடிஞ்சுது. ஓட வைக்க முடியுங்களா?"

முடியும். ஷோரூமில் சொன்னதும் சரிதான். உங்கள் வண்டி ஓசூரில் டிவிஎஸ் செய்தது. 1984-இல் ஏஎக்ஸ் 100 மூலம் தொடங்கிய டிவிஎஸ் – சுசுகி கூட்டு 2001-இல் பிரிந்தது. ஓசூர் ஆலை டிவிஎஸ்ஸிடமே நின்றது. சுசுகி பிறகு தனியாக வந்து, 2006 முதல் குர்கானில் வண்டி செய்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆகவே பார்ட் நம்பரோடு டிவிஎஸ் டீலரிடம் கேளுங்கள்; அங்கே இல்லாததைக் கோவை, ஈரோடு பழைய ஸ்பேர் கடைகளில் தேடலாம். ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டருக்கும் இதே கணக்குதான்: 2010 டிசம்பரில் கூட்டு பிரிந்தபின் அது ஹீரோவின் பொறுப்பு.

கடையில் "சுசுகி பிஸ்டன்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மேக்ஸ் 98 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ. அதே கூட்டில் வந்த ஷோகன் வண்டி 108 சிசி. அதன் பிஸ்டன் பெரியது, இதில் இறங்காது.

கிக்கர் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் துரு ஏறிய பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. ஏறி நின்று உதைத்தால் கிக்கர் பல்தான் போகும். பிளக்கைக் கழற்றி டீசலும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலும் கலந்து 20 மில்லி ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். விட்டுக்கொடுத்தாலும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பாருங்கள்.

சிலிண்டரின் உட்சுவரில் நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனைக் (0.25 அல்லது 0.50 மி.மீ. பெரியது) கையில் வாங்கிக்கொண்டு, அதை அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். கோவை கணபதி பக்கத்து லேத் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. போர் முடிந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்புகளைக் கட்டாயம் மழுக்க வேண்டும். கூராக விட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும். புது பிஸ்டனும் போச்சு.

கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் மாற்றாமல் எஞ்சினை மூடாதீர்கள். விலை குறைந்த பொருள், ஆனால் ஆறு வருடத்தில் ரப்பர் கல்லாகியிருக்கும். மேக்னெட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, கலவை மெலிந்து, பிஸ்டன் மறுபடி சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும்.

டேங்கின் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துத் துருவைக் கழுவுங்கள். பெட்ரோல் பைப், கார்பரேட்டர் ஓ-ரிங், ஃப்ளோட் ஊசி மூன்றையும் புதிதாகப் போடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. புது பிஸ்டன் போட்டிருந்தால், முதல் டேங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து, முறுக்காமல் ஓட்டுங்கள்.

ஆர்சியைப் பொறுத்தவரை, அப்பா பெயரிலேயே புதுப்பிக்க முயன்று அலைய வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு படிவம் 31-இல் பெயர் மாற்றமும், படிவம் 25-இல் பதிவுப் புதுப்பிப்பும் கேளுங்கள். புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்; பசுமை வரி (பழைய வண்டிக்கான வரி) பாக்கி இருக்கக் கூடாது. கொண்டுபோகும் முன் சேஸிஸ், எஞ்சின் எண்களின் மேல் படிந்த துருவை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண் மங்கும். திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.